போர்த்தெல்லா வெர்தேயின் கணித ஆசிரியர்

இத்தாலியின் பலேர்மோ நகரம் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில், சியாகுல்லித் தோட்டங்களுக்கும் மேலே, போர்த்தெல்லா வெர்தே என்றொரு பள்ளி வட்டாரம் இருக்கிறது. மூன்று குக்கிராமங்களில் மூன்று பள்ளிக்கூடங்கள். மூன்றுக்கும் சேர்த்து நூற்றெண்பத்தேழு பிள்ளைகள், ஓர் அதிபர், ஒரு கந்தோர், பதினாறு குழுக்கள். இத்தனை சிறிய இடத்துக்கு இத்தனை குழுக்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று அர்த்தம். நடத்துவதற்கு ஒரு குழு, நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு குழு, பார்த்ததை எழுதுவதற்கு ஒரு குழு என்று போனால் பதினாறும் போதாமல்தான் வரும்.

அற்புதமலருக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மன்னார் பேசாலையிலிருந்து வந்து பதினைந்து வருடம். முதலில் கபோச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார்கள். தோட்டத்து வேலை நிரந்தரமானதும் மேலே குடிவந்தார்கள். காலையில் மந்தரீனோப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவாள். பின்னேரம் நகரத்தின் கால்சாப் பகுதியில் ஓர் இத்தாலியச் சினியோராவின் வீட்டைக் கூட்டித் துடைப்பாள். புருசன் ஏர்னஸ்ற் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். ஒரே மகள் நிலக்சிக்குப் பதின்மூன்று வயது, நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு. பஸ்ஸில் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் கப்பல் பட்டறையின் பாரந்தூக்கிகளைக் கழுத்துத் திருகப் பார்த்துக்கொண்டு வருவாள். அவ்வளவு நீளக் கையை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு அது எப்படிக் கவிழாமல் நிற்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதைப் படிப்பதற்கு நகரத்து விஞ்ஞான உயர்பள்ளிக்குப் போகவேண்டும் என்று அவளாகவே விசாரித்து வைத்திருந்தாள்.

ஒக்ரோபரில் ஒரு மழைநாள், தோட்டத்தில் வேலை இல்லை. அற்புதமலர் மகளின் புத்தகப்பையை உலர்த்த எடுத்தவள் கணிதக் கொப்பியைத் திறந்தாள். முதல் பக்கத்தில் 'கணிதம்' என்று ஐந்து நிறத்தில் எழுதி, சுற்றிவரப் பூக்கொடி போட்டிருந்தது. அடுத்த பக்கம் வெறுமை. அதற்கடுத்ததும் வெறுமை. கடைசிவரை புரட்டிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை இது? ஒரு கணக்குமில்லை?"

"கணக்கு வாத்தியார் வாறேல்லை அம்மா."

"எப்பயிருந்து?"

"துவங்கினதிலயிருந்து. கணக்கு நேரத்துக்கு எங்களைப் பிரிச்சு மற்ற வகுப்புகளுக்கு அனுப்பி விடுவினம். இருக்கக் கதிரையையும் தூக்கிக்கொண்டு போகவேணும். நான் நடுநிலை முதலாம் வகுப்புக்குப் போறனான். அங்கை எப்பவும் நோர்மன் ராசாக்கள்தான். நாலுதரம் கேட்டிட்டன்."

சிசிலியை ஆண்ட நோர்மன் அரசர்களை வரிசையாக, ஆண்ட வருடங்களோடு ஒப்புவித்தாள் நிலக்சி. சமன்பாடு என்றால் என்ன என்று கேட்டதற்கு அந்தக் கொப்பியை வாங்கி மூடினாள்.

மறுநாளே அற்புதமலர் பள்ளிக் கந்தோருக்குப் போனாள். செயலாளர் பிலிப்போனே நல்ல மனிதர். எவரையும் அதட்டுவதில்லை. எதையும் செய்வதுமில்லை. அவள் தன் சமையலறை இத்தாலியனில் விடயத்தைச் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கணித ஆசிரியர் இல்லை என்று யார் சொன்னது, சினியோரா? இருக்கிறார். செப்ரெம்பர் மூன்றாம் திகதி நியமனம் பெற்றார். வந்து பாதையைப் பார்த்தார். அன்றே முதுகுவலி வந்துவிட்டது. மருத்துவ விடுப்பில் இருக்கிறார்."

"அப்ப வேற ஆளைப் போடலாந்தானே?"

"பதவி வெற்றிடமாக இருந்தால் போடலாம். பதவி வெற்றிடமாக இல்லை. பதவியில் இருப்பவர்தான் இல்லை."

"தற்காலிகமா ஒராள்?"

"முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டோம். முப்பத்தொரு பேரும் மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதங்கள் எல்லாம் மிக ஒழுங்காகக் கோவையில் இருக்கின்றன. காட்டட்டுமா?"

காட்டினார். உண்மையிலேயே ஒழுங்காகத்தான் இருந்தன.

"இனி நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

"நீங்கள் கேட்கமுடியாது. பெற்றோரின் பிரதிநிதிதான் பள்ளிச் சபையில் கேட்கலாம். அடுத்த மாதம் தேர்தல். வந்து வாக்களியுங்கள்."

தேர்தல் நாளில் பழக் கொட்டகையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். உடற்பயிற்சி மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு பெட்டியும் இருந்தன. சீட்டில் ஒரு பெயராவது எழுதவேண்டும், வெறுமையாகப் போட்டால் செல்லாது என்றார்கள். அவளுக்கு அங்கே வேறு எந்தத் தாய் தகப்பனின் பெயரும் முழுதாகத் தெரியாது. தன் பெயரை எழுதிப் போட்டாள். பின்னேரம் ஏர்னஸ்ற்றும் போய், அதே காரணத்துக்காக, அதே பெயரை எழுதிப் போட்டான். கொட்டகையில் கூட வேலை செய்யும் மாக்கிரட்டுக்கும் அந்தப் பள்ளியில் ஒரு மகன். அவளும் எழுதினாள். மூன்று வாக்குகளோடு அற்புதமலர் சபைக்குத் தெரிவானாள்.

அதோடு முடியவில்லை. சபையின் தலைவர் பெற்றோரில் ஒருவராக இருக்கவேண்டும் என்பது விதி. முதற் கூட்டத்தில் பெற்றோர் நான்கு பேர் இருந்தார்கள். தலைவர் யார் என்று கேட்டதும் மூன்று பேர் ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொன்னார்கள். 'மறுக்கிறேன்' என்பதற்கான இத்தாலியச் சொல் அது. அற்புதமலருக்கு அந்தச் சொல் தெரியாது. ஏகமனதாகத் தலைவியானாள்.

அதிபர் ஸ்பதாரோ எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவரைத் தொத்தொரெஸ்ஸா என்று பட்டத்தோடுதான் கூப்பிடவேண்டும். வெறும் சினியோரா என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. கழுத்தில் பட்டுத் துணியும், எப்போதும் கொஞ்சம் கண்கலங்கியது போன்ற பார்வையும் உள்ள பெண்மணி.

"இது சரித்திர நாள்!" என்றார் தொத்தொரெஸ்ஸா. "எங்கள் வட்டாரம் எவரையும் ஒதுக்குவதில்லை. ஆசிரியர்களை விடப் பெற்றோரையும், பெற்றோரை விடப் பிள்ளைகளையும், பிள்ளைகளை விட அவர்களைப் பற்றிய அறிக்கையையும் நாங்கள் நேசிக்கிறோம். ஏனென்றால் பிள்ளைகள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள். அறிக்கை நிலைத்து நிற்கும்."

நிகழ்ச்சி நிரலில் பதினான்கு விடயங்கள் இருந்தன. கணித ஆசிரியர், பதினான்காவதான 'ஏனையவை'க்குள் இருந்தார். முதலாவது விடயம் போன கூட்டத்தின் குறிப்பு. இரண்டாவது, அந்தக் குறிப்பில் இருந்த ஓர் எழுத்துப்பிழை. ஏழாவதுக்கு வரும்போது வெளியே இருட்டிவிட்டது. ஒன்பதாவதில் கட்டடத்தைப் பூட்டுகிறவர் சாவிக்கொத்தோடு வந்து வாசலில் நின்றார். அற்புதமலர் கையை உயர்த்தினாள்.

"தொத்தொரெஸ்ஸா, கணக்கு வாத்தியார்..."

"அருமை, தலைவி அவர்களே! ஆனால் ஒழுங்கை நீங்களே மீறலாமா? எழுத்தில் தாருங்கள். எழுதியது எதுவும் எங்களிடம் தொலைவதில்லை."

அன்றிரவே நிலக்சியை இருத்தி வைத்துக் கடிதம் எழுதினாள். 'மூன்று மாதமாக என் மகளுக்குக் கணிதம் படிப்பிக்க எவரும் வரவில்லை. தயவுசெய்து ஓர் ஆசிரியரை அனுப்புங்கள்.' இரண்டு வரிதான். பிலிப்போனே அதற்கு முத்திரை குத்தி, இலக்கமிட்டு, பிரதி கொடுத்தார். வீடு திரும்பும்போது அற்புதமலருக்கு நடை கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் பள்ளியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. மேலே 'மாண்புமிகு சபைத் தலைவி அவர்களுக்கு' என்றிருந்தது. உள்ளே அவளுடைய கடிதம். அதோடு ஒரு துண்டு: 'பெற்றோர் ஒருவரிடமிருந்து கிடைத்த முறைப்பாடு. பதினைந்து நாட்களுக்குள் தகுந்த பதில் அளிக்கவும்.'

மறுநாள் கந்தோருக்கு ஓடினாள்.

"இது நான் எழுதின கடிதம்."

"ஆம். எழுதியது ஒரு பெற்றோர். கிடைத்தது தலைவிக்கு. பெற்றோரின் முறைப்பாடுகளுக்குத் தலைவிதான் பதில் சொல்லவேண்டும்."

"ரெண்டும் நான்தானே!"

"அது தற்செயல், சினியோரா. தற்செயலுக்காக விதியை மாற்றமுடியாது."

கொட்டகையில் மாக்கிரட்டிடம் சொல்லி முறையிட்டாள். மாக்கிரட் பழத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப எழுதிவிடன். 'அன்புள்ள அற்புதமலர், உனக்கு வாத்தியார் வரமாட்டார். இப்படிக்கு அற்புதமலர்.' முடிஞ்சுது அலுவல்."

"பகிடி விடாதை. எனக்குப் பத்தி எரியுது."

"வேறென்னத்தைச் செய்ய? இருந்தவங்களெல்லாம் ஒரே சொல்லிலை தப்பீட்டாங்கள். உனக்கு அந்தச் சொல்லைப் படிப்பிச்சு விட ஒருத்தருமில்லை."

பதினைந்து நாள் கழிந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் அவள் எதுவும் எழுதவில்லை. ஆண்டு இறுதிப் பட்டியலில் போர்த்தெல்லா வெர்தேயில் பதிலளிக்கப்படாத முறைப்பாடு ஒன்றே ஒன்று என்று வந்தது. காரணம்: சபைத் தலைவியின் அலட்சியம். தொத்தொரெஸ்ஸா அவளைத் தனியே கூப்பிட்டு, இம்முறை மன்னிக்கிறேன், பெற்றோரை இப்படிக் காக்க வைக்கக்கூடாது என்று அன்போடு சொன்னார்.

டிசெம்பரில், நத்தாருக்கு முந்திய கிழமை, வழிகாட்டல் ஆலோசனைத் தாள் வந்தது. கடைசி வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர் குழு எழுதிக் கொடுக்கும் தாள். நிலக்சி அதை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'விருந்தோம்பல் தொழிற்பள்ளி, அறைப் பராமரிப்புப் பிரிவு' என்றிருந்தது.

அற்புதமலர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தாள். அறைப் பராமரிப்பு. கட்டில் விரிப்பு மாற்றுவது, குளியலறை தேய்ப்பது. அதை அவள் ஒருநாளும் படித்ததில்லை. வந்திறங்கிய மூன்றாம் நாளே செய்யத் தொடங்கிவிட்டாள். மகளுக்கு அதற்கு ஐந்து வருடப் படிப்பு இருக்கிறதாம்.

தொத்தொரெஸ்ஸாவின் அறையில் அவள் உட்காரவில்லை.

"என்ரை பிள்ளை விஞ்ஞானப் பள்ளிக்குப் போக ஆசைப்படுது."

"ஆசை அழகானது. ஆனால் கணிதத்தில் அவளுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லையே."

"படிப்பிக்கேல்லை. பிறகெப்பிடி மதிப்பெண் வரும்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன், தலைவி அவர்களே. படிக்காத பாடத்தைக் கேட்கும் பள்ளிக்கு ஒரு பிள்ளையை அனுப்புவது கொடுமை அல்லவா? நாங்கள் பிள்ளையின் பலவீனத்தைப் பார்ப்பதில்லை. பலத்தைப் பார்க்கிறோம்." தொத்தொரெஸ்ஸா ஒரு கோவையைத் திறந்தார். "உங்கள் மகள் கதிரையைச் சத்தமில்லாமல், ஒழுங்காக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்கிறாள் என்று ஐந்து ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர்! இப்படி ஒரு திறமையை வீணாக்குவோமா?"

அற்புதமலருக்குச் சொல்லவேண்டியதெல்லாம் தமிழில்தான் வந்தது. இத்தாலியனில் வந்தது 'கிராத்சியே' மட்டுந்தான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏன் நன்றி சொன்னோம் என்று பாதை நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த ஆலோசனையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை மாக்கிரட்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். சனவரியில் கைத்தொலைபேசியில் விண்ணப்பத்தைத் திறந்து விஞ்ஞான உயர்பள்ளிக்கே பதிந்தார்கள். 'சேர்க்கலாம். செப்ரெம்பரில் கணிதத்தில் ஒரு சோதனை எடுத்துச் சித்தியடைந்தால்' என்று பதில் வந்தது. நிலக்சி அந்தப் பதிலைப் பார்த்து முதலில் துள்ளினாள். பிறகு சோதனைக்குரிய பாடங்களின் பட்டியலை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதில் பாதிச் சொற்களை அவள் அன்றுதான் முதன்முதல் வாசிக்கிறாள்.

பெப்ரவரியில் வட்டாரத்தை மதிப்பிட மேலிடத்திலிருந்து மூன்று பேர் வருவதாக அறிவித்தல் வந்தது. பள்ளிக்கூடம் தலைகீழாகியது. ஒழுகுகிற கூரையின் கீழ் வைத்திருந்த வாளிகளுக்கு நீல நிறம் பூசி, 'நீர்ச்சுழற்சி ஆய்வுகூடம்' என்று பெயர் ஒட்டினார்கள். கணித நேரத்தில் பிள்ளைகள் கதிரையோடு அலைவது 'வகுப்பு கடந்த சுயகற்றல்' ஆனது. தலைவி தங்கள் பாரம்பரிய உடையில் வந்து, தங்கள் இனிய மொழியில் நாலு வார்த்தை பேசவேண்டும், மகள் மொழிபெயர்ப்பாள் என்று கடிதம் வந்தது.

அந்தக் குளிரில் கோயில் திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மேலே ஏர்னஸ்ற்றின் கம்பளி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு அற்புதமலர் மேடையில் இருந்தாள். தொத்தொரெஸ்ஸா பேசினார்.

"மதிப்புக்குரியவர்களே, புள்ளிவிபரங்கள் பேசட்டும். கணிதத்தில் எங்கள் மாணவர்களின் தவறான விடைகள் சென்ற வருடம் நாற்பத்தொரு வீதம். இந்த வருடம் பூச்சியம்! கணித வகுப்பில் ஒழுங்கீனம்: பூச்சியம். கணித வீட்டுப்பாடத்தால் வந்த மன அழுத்தம்: பூச்சியம். எங்கள் கணித ஆசிரியர் மீது இதுவரை ஒரு மாணவர்கூடக் குறை சொன்னதில்லை. அவரைத் தெரிந்த மாணவர் எவருமே இல்லை என்பது அவருடைய தன்னடக்கத்துக்குச் சான்று."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். கைதட்டல் எழுந்தது. பிறகு ஒலிவாங்கியை அற்புதமலரிடம் கொடுத்தார்கள். 'எல்லாருக்கும் நன்றி, பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிறார்கள்' என்று சொல்வதாகத்தான் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆனால் எதிரே முழு மண்டபமும் தமிழ் விளங்காத முகங்களாக இருப்பதைக் கண்டதும் அவளுக்குத் துணிவு வந்துவிட்டது.

"இஞ்சை செப்ரெம்பர் துவங்கி கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. என்ரை பிள்ளை கதிரையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாத் திரியுது. நான் எழுதின கடிதத்தை எனக்கே அனுப்பிப்போட்டு, பதில் எழுதேல்லை எண்டு என்னையே பிழை சொல்லினம். நான் பெரிசாப் படிக்காத மனிசி. ஆனா இது பிழை எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவும் பொய்."

மண்டபம் விளங்காமலே பலமாகக் கைதட்டியது. நிலக்சி மட்டும் தாயைப் பார்த்தபடி நின்றாள். காதுமடல் சிவந்துவிட்டது. தொத்தொரெஸ்ஸா சிரித்தபடி, "சொல்லு செல்லமே, அம்மா என்ன சொன்னார்?" என்றார். அற்புதமலர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். யூனில் பள்ளியிறுதிச் சோதனை இருக்கிறது, இந்தப் பள்ளிக்காரர்கள்தான் திருத்தப் போகிறவர்கள்.

நிலக்சி சொன்னாள். ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல், தெளிவான இத்தாலியனில் முழுவதையும் சொன்னாள். 'இவ்வளவும் பொய்' என்பதையும் சொன்னாள்.

மதிப்பிட வந்த மூவரில் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உன் தாய்மொழி எது?"

"தமிழ்."

"இப்போது நீ பேசிய இரண்டாவது வசனத்தில் ஒரு வினைவடிவத்தைப் பயன்படுத்தினாயே, அது எங்கள் கந்தோரிலேயே பாதிப்பேருக்குச் சரியாக வராது." அவர் மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. இப்படி ஓர் இத்தாலியன். அதோடு, நிர்வாகத்தை மேடையிலேயே அச்சமின்றி விமர்சிக்கும் ஒரு தாய். தொத்தொரெஸ்ஸா, இதை எப்படிச் சாதித்தீர்கள்?"

தொத்தொரெஸ்ஸாவின் கண்கள் இப்போது உண்மையாகவே கலங்கின. "அன்பினால்," என்றார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. 'மொழித்தேர்ச்சி: உன்னதம். பெற்றோரின் பங்கேற்பு: உன்னதம்' என்று அந்த இடத்திலேயே எழுதப்பட்டது.

பஸ்தரிப்பில் நிற்கும்போது நிலக்சி கேட்டாள்.

"நான் எங்கையாவது பிழையாச் சொல்லிப்போட்டனோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. திறமாச் சொன்னனீ."

"அப்ப ஏன் கைதட்டினவை?"

அற்புதமலர் மகளின் தலையைத் தன் மேற்சட்டைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் மேலிடத்து முடிவு வந்தது. போர்த்தெல்லா வெர்தேக்கு ஏழு புள்ளிக்கு ஏழு. கூடவே இன்னொரு தாளும் வந்தது. 'கணித ஆசிரியர் இல்லாமலே கணிதத்தில் இத்தகைய முன்னேற்றம் எட்டப்பட்டிருப்பதால், அப்பதவி மிகையானது எனக் கருதப்படுகிறது. பதவியை நீக்குவதற்குச் சபை ஒப்புதல் அளிக்கவேண்டும்.' இம்முறை அது நிகழ்ச்சி நிரலில் முதலாவது விடயமாக இருந்தது.

தொத்தொரெஸ்ஸா சுருக்கமாகவே பேசினார். "வெற்றிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பதில் நாம் பெருமைப்படவேண்டும்."

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாகப் பதின்மூன்று கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் யார் என்றபோது அற்புதமலர் கையை உயர்த்தினாள். கூடுதலான நேரம் உயர்த்தியபடியே வைத்திருந்தாள். பிலிப்போனே "போதும் சினியோரா, எண்ணிவிட்டேன்" என்ற பிறகுதான் இறக்கினாள்.

கூட்டக் குறிப்பு அவள் முன் வந்தது. கடைசியில் தலைவியின் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது.

"நான் எதிர்த்தனான். சைன் வைக்கமாட்டன்," என்றாள்.

பிலிப்போனே கதிரையை இழுத்து அவளருகில் உட்கார்ந்தார். உண்மையான பரிவோடுதான் சொன்னார். "இது முடிவுக்கான கையெழுத்து இல்லை. கூட்டம் நடந்தது என்பதற்கான கையெழுத்து. பார்த்தீர்களா, ஆறாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது? 'எதிராக ஒன்று. தலைவி.' நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் இந்தக் கூட்டம் நடக்கவில்லை. கூட்டம் நடக்காவிட்டால் நீங்கள் எதிர்க்கவுமில்லை."

"வைக்காட்டிப் பதவி நிக்குமே?"

"நிற்காது. கூட்டம் நடக்காத வட்டாரங்களுக்கு மேலிடமே முடிவெடுத்துவிடும். அதில் எதிர்ப்பு என்று ஒரு வரியே இருக்காது."

அற்புதமலர் அந்த ஆறாவது வரியை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாரும் மேற்சட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றார்கள். சாவிக்கொத்துக்காரர் வாசலில் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். அவள் பேனாவை எடுத்து, தன் எதிர்ப்பைக் காப்பாற்றுவதற்காக, அதைத் தோற்கடித்த தாளில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

வெளியே, தெரு விளக்கின் கீழ் நிலக்சி காத்திருந்தாள்.

"வெண்டிட்டீங்களா அம்மா?"

"இல்லை."

"பிறகு?"

"பதிஞ்சு கிடக்கு," என்றாள் அற்புதமலர். "வா, கடைசி பஸ் போயிடும்."